குஞ்சுக் கூண்டில் தண்ணீர் ஊற்றியவர்

குடியிருப்புச் சங்கச் செயலாளர் பக்தவத்சலம் செய்த அநியாயங்களை ரோஸி வரிசை மாறாமல் சொல்வாள்.

முதலாவது, மொட்டை மாடியில் அவள் கட்டிய துணிக்கொடியை அறுத்தது. இரண்டாவது, கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கண்ணைக் கூசுகிறது என்று ஊர் அடங்கும் முன்பே அணைக்கவைத்தது. மூன்றாவது, விருந்துக்கு வந்த தங்கை புருஷனின் பைக்கைச் சங்கிலி போட்டுப் பூட்டியது. நான்காவது, மாடியில் அவள் வளர்க்கும் நாட்டுக்கோழிக் குஞ்சுகளுக்காக நோட்டீஸ் ஒட்டியது: ‘ஒரு நாள் நாற்றம் வந்தாலும் குஞ்சுகள் இந்தக் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும்.’

ஐந்தாவது, போன வாரம் சேர்ந்தது.

குஞ்சுகள் இறக்கையைத் தொங்கப்போட்டு ஒரே மூலையில் ஒண்டி நின்றன. எச்சத்தில் ரத்தம். ஒன்று செத்தே போயிருந்தது.

மற்றவற்றை அட்டைப்பெட்டியில் அள்ளிக்கொண்டு, கணவன் பாஸ்கலின் ஸ்கூட்டரில் ஆவடிக்கு, கால்நடை டாக்டரிடம் ஓடினாள்.

“ரத்தக் கழிச்சல். குடல்ல கிருமி,” என்றார் டாக்டர் ஸ்வாதி. பெட்டியில் குஞ்சுகளோடு வந்திருந்த மரத்தூளை ஒரு பிடி எடுத்துப் பிழிந்தார். தண்ணீர் சொட்டியது. “ஏம்மா, இவ்ளோ ஈரமா? இந்த ஈரத்துலதான் கிருமி பெருகும். குஞ்சுங்க அதையே கொத்தித் தின்னும்.”

“தினமும் தண்ணிக் கிண்ணத்தைக் கவுத்துடுதுங்க டாக்டர்.”

“கிண்ணம் கவுந்தா ஒரு மூலைதான் நனையும். இது யாரோ ஊத்தின தண்ணி.” டாக்டர் மருந்தை நீட்டினார். “இதைக் குடிக்கிற தண்ணில கலந்து வைங்க. வேற தண்ணியே கூண்டுல இருக்கக் கூடாது. ஈரத் தூளை வாரிக் கொட்டிட்டுக் காஞ்ச தூள் போடுங்க.”

திரும்பும் வழியெல்லாம் ரோஸி பல்லைக் கடித்தாள். “யாரோ இன்னா யாரோ! அந்த செயலாளர்தான்!”

“லிஃப்ட் ரிப்பேர்னா வீட்டை விட்டே இறங்காத மனுஷன்டி. முட்டி வலியோட மாடி ஏறி வந்து ஊத்தினாரா?”

“குஞ்சைத் துரத்தணும்னா முட்டி தானா மடங்கும்!”

திருமுல்லைவாயில் குடியிருப்புக்கு வந்ததும் அவள் நேராக மூன்றாம் மாடிக்குப் போனாள். அங்கே இருப்பவர் வீரராகவன். அம்பத்தூரில் தொழிற்சங்கத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். குஞ்சுகளை வெளியேற்ற விடமாட்டேன் என்று குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் மேசையைத் தட்டிய ஒரே ஆள்.

“அண்ணே, குஞ்சைக் கொல்லப் பாக்குறாங்க! தினம் கூண்டுல தண்ணி ஊத்திகினு கீறாங்க. அந்த ஈரத்தாலதான் கழிச்சலாம்!”

கொதித்து எழுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

“தண்ணியாலயா? நிச்சயமா?”

“டாக்டரம்மா பிழிஞ்சே காட்டினாங்கண்ணே.”

மீதி டீயைத் தொட்டியில் கொட்டி டம்ளரைக் கழுவினார். பிறகு தொண்டையைச் செருமினார். “ஞாயித்துக்கிழமை எல்லாரையும் கூப்பிடு. ஃபேக்டரி வாசல்ல மேனேஜர் பேரையே உரக்க வாசிச்சவன் நான். இதுவும் சாட்சிகளுக்கு முன்னால வாசிக்கப்படும்.”

“அவர் கல்யாணப் பத்திரிகை வாசிச்சாலே நாலு பேர் ராஜினாமா பண்ணுவாங்க,” என்று, வீட்டில் ரோஸி சொன்னதைக் கேட்டு பாஸ்கல் சிரித்தான்.

அன்றே ஈரத் தூளை வாரிக் கொட்டினாள் ரோஸி. மறுநாள் காலை கூண்டில் சொட்டு ஈரம் இல்லை.

“பாத்தீங்களா? உங்க பேரைக் கேட்டதுமே பயந்துட்டாரு!” என்றாள் ரோஸி.

வீரராகவன் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். மரவாடியிலிருந்து ஒரு மூட்டை காய்ந்த மரத்தூளைத் தானே முதுகில் சுமந்து வந்து மாடியில் இறக்கினார். ரோஸிக்குக் கண் கலங்கிவிட்டது. ஊரான் வீட்டுக் குஞ்சுக்கு மூட்டை தூக்குகிறாரே, இவரல்லவா மனுஷன்!

மருந்துத் தண்ணீர் வேலை செய்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் குஞ்சுகள் ஒன்றையொன்று துரத்த ஆரம்பித்துவிட்டன.

கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டுக் கூட்டம். பக்தவத்சலத்துக்கு முன்வரிசை.

“நான் எதுக்குய்யா முன்னாடி? காலை நீட்டக்கூட இடமில்லை.”

“நீங்கதான் சார் முக்கியம்,” என்றார் வீரராகவன்.

பின்வரிசையில் சிரிப்பு. “மாட்டிகினாரு செயலாளரு,” என்று பக்கத்து வீட்டு அப்துல் ரசாக் பாஸ்கலின் காதைக் கடித்தார்.

வீரராகவன் எழுந்தார். “சாட்சிக்கு ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் அப்துல் ரசாக் பாய். இன்னொருத்தர் செயலாளர் சார்.”

“குத்தவாளியே சாட்சியா? இது இன்னா நாயம்ணே!” ரோஸி துள்ளி எழுந்தாள். பாஸ்கல் அவளைக் கையைப் பிடித்து உட்காரவைத்தான்.

வீரராகவன் காகிதத்தைப் பிரித்தார். குரல் பழைய வாசல் கூட்டக் குரல்தான்.

“நாற்றம் வந்தால் குஞ்சுகளை விரட்டிவிடுவார்கள் என்று பயந்து, தனக்குத்தான் எல்லாம் தெரியும் என்ற திமிரில் யாரையும் கேட்காமல், தினமும் விடியலில் கூண்டைத் தண்ணீர் ஊற்றிக் கழுவியவர், ஒரு குஞ்சின் சாவுக்குக் காரணமானவர், அந்தப் பழி செயலாளர் தலையில் விழுந்தபோது இன்றுவரை வாயை மூடிக்கொண்டிருந்தவர்...”

நிமிர்ந்து சாட்சிகள் இருவரையும் பார்த்துவிட்டு, கடைசி வரியை உரக்க வாசித்தார்.

“பெயர், வீரராகவன். மூன்றாம் மாடி.”