யாரும் அடிக்காத அடி

பாடகி பல்லவியை முடித்து மூச்சு வாங்கிய இடைவெளியில், யாரும் அடிக்காமலே டிரம் 'டப்' என்றது.

ஒத்திகை அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இடி அண்ணே, உங்க டிரம்ஸுக்குப் பேய் பிடிச்சிருக்கு," என்றாள் பாடகி. கிடார்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

கீபோர்டில் இருந்தவர் மட்டும் சிரிக்கவில்லை. குழு அவருடையது. ஐந்து நிமிடம் தாமதமாக வந்த ஆளை வெளியே நிறுத்திவிட்டு ஒத்திகையை நடத்தியவர். 'கறார்' என்ற பெயர் சும்மா வரவில்லை.

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வந்துடுங்க," என்றார் டிரம்ஸ்காரர் இடியிடம். "இதை ஒரு வழி பண்ணிடலாம்."

இடி தலையை ஆட்டிவிட்டுக் குச்சிகளைப் பையில் திணித்தார்.

அந்தப் பேய் எதுவென்று அவருக்குத் தெரியும். நாலு மாதமாக அவர் வலது கை நடுங்குகிறது. அடிக்கும்போது ஒன்றும் தெரியாது. பாட்டின் நடுவே குச்சியைச் சும்மா வைத்திருக்கும்போதுதான் அது தானாக ஆடும். மனைவியைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. எல்லோரும் டீ குடிக்கப் போனால் ஏதாவது சாக்குச் சொல்லிப் பின்தங்கிவிடுவார். தளும்புகிற டம்ளர் காட்டிக்கொடுத்துவிடும் அல்லவா.

பழைய டிரம்ஸில் அந்த நடுக்கம் லேசான கரகரப்பாகத்தான் கேட்டது. திருகு கழன்றிருக்கிறது என்று சமாளித்துவந்தார். போன வாரம் கறார் யாரையும் கேட்காமல் அதை மூட்டைகட்டிவிட்டு, எலக்ட்ரானிக் டிரம்ஸைக் கொண்டுவந்து வைத்தார். வட்ட வட்டமாக ரப்பர் பேடுகள், உள்ளே சென்சார், பக்கத்தில் சின்னத் திரையோடு ஒரு பெட்டி. குச்சி லேசாகப் பட்டாலே போதும், ஊரைக் கூட்டிவிடும்.

"என்னைக் கையும் களவுமாப் பிடிக்கத்தான் வாங்கியிருக்காரு," என்று ஒத்திகை முடிந்து அன்றிரவு வீட்டில் புலம்பினார். "இருபத்திரெண்டு வருஷம். இதை விட்டா எனக்கு வேற என்ன தெரியும்?"

மனைவி அவருக்குச் சோற்றைப் பிசைந்து ஸ்பூனோடு வைத்தாள்.

மறுநாள் டிரம்ஸ் வாங்கிய கடையிலிருந்து மெக்கானிக் வந்திருந்தார். ஐம்பது வயதுப் பெண், கயிறு கட்டிய கண்ணாடி. கறார் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அடிங்கண்ணே," என்றார் மெக்கானிக்.

இடி அடித்தார். திரையில் ஒரு கோடு எழுந்து விழுந்தது. சுத்தமான அடி.

"இப்ப அடிக்காதீங்க. குச்சியைச் சும்மா பேட் மேல வச்சிருங்க."

எந்த வார்த்தை வந்துவிடக் கூடாது என்று விடிய விடிய வேண்டிக்கொண்டாரோ, அதே வார்த்தை. வேறு வழியில்லை. வைத்தார்.

திரையில் குட்டிக் குட்டிக் கோடுகள் துள்ளின. டப். டப் டப்.

அந்த அம்மா கண்ணாடிக்கு மேலாக அவர் கையைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். கறார் இரண்டடி முன்னால் வந்தார்.

"பேட்ல கோளாறா?"

"பேட்ல ஒண்ணும் இல்ல."

"பின்ன?"

இடி குச்சியைப் பேடிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"தரை," என்றார் அந்த அம்மா. "பலகைத் தரைதானே, தெருவுல லாரி போனா அதிருது. அது ஸ்டாண்டு வழியா ஏறி வருது. சரி பண்ணிடலாம்."

தெருவில் அப்போது ஒரு சைக்கிள்கூடப் போகவில்லை. அரைக்கால் சுருதி பிசகினாலும் ஆளைப் பிடித்துவிடுகிற கறார், "ஓ, தரையா," என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

இடி அப்போதுதான் மூச்சு விட்டார்.

அந்த அம்மா பெட்டியில் ஏதோ திருகினார். "எவ்வளவு அழுத்தமா அடிச்சா சத்தம் வரணும்னு வைக்கிற அளவு இது. வாசப்படி மாதிரிண்ணே. உயர்த்திக் கட்டினா மழைத்தண்ணி உள்ள வராது. ரொம்ப உயர்த்திட்டா நாமளே தடுக்கி விழுவோம். உங்களால எவ்வளவு மெதுவா அடிக்க முடியுமோ, அவ்வளவு மெதுவா அடிங்க."

அடித்தார். சத்தம் வரவில்லை. அந்த அம்மா அளவைக் கொஞ்சம் இறக்கினார். வந்தது. இன்னும் மெதுவாக அடிக்கச் சொன்னார். இப்படியே ஒவ்வொரு பேடாக, ஒரு மணி நேரம்.

"இப்ப சும்மா வைங்க."

குச்சி நடுங்கியது. திரையில் கோடுகள் துள்ளின. ஆனால் டிரம் வாயே திறக்கவில்லை.

இடிக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்காக எதுக்கும்மா பொய் சொன்னீங்க? உண்மை தெரிஞ்சா அந்த ஆளு இன்னைக்கே என்னை வெளிய அனுப்பிடுவாரு. ஈவு இரக்கம் இல்லாத மனுஷன்."

அந்த அம்மாவின் முகம் மாறியது. பையைத் துழாவி ஒரு சீட்டை எடுத்து நீட்டினார்.

"வேலை முடிஞ்சதுக்கு ஒரு கையெழுத்துப் போடுங்க."

"அவர்தானே போடணும்?"

"நீங்களே போடுங்க. படிச்சுட்டுப் போடுங்க. வாயைத் திறக்க மாட்டேன்னுதான் அவருக்கு வாக்குக் குடுத்திருக்கேன். சீட்டைக் காட்ட மாட்டேன்னு சொல்லல."

டிரம்ஸ் வாங்கிய அன்றே கடையில் எழுதிய சீட்டு. 'வாங்குபவரின் தேவை' என்ற இடத்தில் கறாரின் நெருக்கமான கையெழுத்து:

"வாசிப்பவருக்குக் கை நடுங்கும். அதைக் கண்டுகொள்ளாத டிரம்ஸாக வேண்டும். சரிசெய்ய வருபவர் தரையில் கோளாறு என்று சொல்லவும். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிய வேண்டாம். பயந்துவிடுவார்."