ஒன்பதாம் பதிப்பு

"இன்னுமா இந்தக் கந்தலைக் கட்டிக்கிட்டு அழறே?"

தங்கை கையிலிருந்த புரோகிராமிங் புத்தகத்தை வெடுக்கென்று பிடுங்கினான் அண்ணன்.

"ஆறாம் பதிப்பு! திங்கட்கிழமை வேலைக்குப் பரீட்சை. பழசைப் படிச்சா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க."

"எட்டாம் பாடம் ஆரம்பிக்கப் போறேன், கொடுண்ணா."

"ஒன்பதாம் பதிப்பே வந்தாச்சாம். போன்ல செய்தி வந்திருக்கு!"

புத்தகத்தைப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பினான்.

அண்ணன் இருப்பது மென்பொருள் கம்பெனிதான். பார்ப்பதோ சம்பளக் கணக்கு. ஆனால் சொந்தக்காரர்கள் மத்தியில் கம்ப்யூட்டருக்கே பெயர் வைத்தவன் அவன்தான். இதற்கு முன் ஏழாம் பதிப்பு வந்ததாகச் செய்தி வந்தபோது நாயாக அலைந்தான். எட்டாம் பதிப்புக்குப் பேயாக அலைந்தான். "அப்படி ஒண்ணு வரலையே சார்" என்ற புத்தகக் கடைக்காரருக்கே வகுப்பெடுத்துவிட்டு வந்தான்.

அண்ணி பொரிந்தாள். "உனக்காக மனுஷன் வெயில்ல அலையிறாரு. நன்றி வேணாம்?"

தங்கை கம்ப்யூட்டரைத் திறந்தாள்.

மாலையில் அண்ணன் வெறுங்கையோடு வந்தான். முகத்தில் மட்டும் வெற்றிக்களை.

"கடையில நின்னுக்கிட்டே முடிச்சுட்டேன். ஒன்பதாம் பதிப்பு... அடேயப்பா! எட்டாவதெல்லாம் அதுக்குக் கால்தூசி. பிரதி தீர்ந்துபோச்சு, அதான் வாங்கல."

"முழுசாப் படிச்சியாண்ணா?"

"வரிக்கு வரி!"

"ஆறுக்கு மேல அந்தப் புத்தகம் வரவே இல்லண்ணா."

"பின்னே, செய்தி வந்துச்சே?"

"அந்தச் செய்தியை அனுப்புறது நான் எழுதின முதல் புரோகிராம். நீ கடை கடையா அலைஞ்சாத்தானே நான் நிம்மதியா படிக்க முடியும்?"

அண்ணிக்குச் சிரிப்பு பீறிட்டது. அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. அந்த நேரம் பார்த்து போன் சிணுங்கியது: 'பத்தாம் பதிப்பு வெளிவந்துவிட்டது!'

"அடியே, இதை முதல்ல நிறுத்து!"

"ஓடவிடத்தான் தெரியும். நிறுத்துறது எட்டாம் பாடம். புத்தகத்தைக் கொடு."

அண்ணன் தலையைச் சொறிந்தான். "போற வழியில பழைய பேப்பர் கடையில போட்டுட்டேனே!"

"போச்சு! அப்போ என் பரீட்சை?"

செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினான் அண்ணன். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பழசைத் தேடி. பழைய பேப்பர் கடை பூட்டியிருக்க, புத்தகக் கடையில் போய் நின்றான்.

"அந்த ஆறாம் பதிப்பு ஒண்ணு கொடுங்க, சீக்கிரம்!"

கடைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆறாவதா? அதை விக்கிறதே பாவம்னு நீங்கதானே சார் வகுப்பெடுத்தீங்க? இருந்த அத்தனையும் நேத்தே எடைக்குப் போட்டுட்டேன்."

அண்ணன் சட்டைப்பையில் போன் சிணுங்கியது. பதினொன்றாம் பதிப்பு வந்துவிட்டதாம்.