ஆணியில் ஒரு சட்டை

பேரிகை ஊர்க் கரியப்பனுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு மனக்குறை. இத்தனை வருடத் தொழிலில் மொபெட், ஸ்கூட்டர், ஒரு தடவை பால்காரரின் சைக்கிள் என்று இரண்டு சக்கரத்தை அவன் தாண்டியதே இல்லை. சிறைக்குள் கார் திருடர்கள் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அவனை மட்டும் "ஏய் மொபெட்டு, தண்ணி எடுத்துட்டு வா" என்பார்கள். அந்த மானக்கேட்டை இன்றைக்குத் துடைத்தே தீருவது என்று கிளம்பி வந்திருந்தான். கர்நாடகா பார்டரைத் தாண்டினால் அத்திப்பள்ளியில் வாங்குகிற ஆள் தயார். ஒரு கார் கிடைத்தால் போதும்.

ஓசூர் பைபாஸில் அந்தக் கார் ஷோரூமின் பின்பக்கக் கேட் திறந்தே கிடந்தது. உள்ளே வண்டி கழுவும் கொட்டகை. அதன் கடைக்கோடியில் வெள்ளை வெளேரென்று ஒரு புதுக் கார், கண்ணாடி இறங்கியிருக்க, சாவியும் உள்ளேயே இருந்தது. கேட்டை ஒட்டிய தூணில், ஆணியில், ஷோரூம் பெயர் போட்ட நீலச் சட்டை ஒன்று தொங்கியது. மார்பில் 'சுடலைமுத்து' என்று நூலால் தைத்திருந்தார்கள்.

சாமி கண்ணைத் திறந்துவிட்டது என்று கரியப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

ஒரே ஒரு சிக்கல். கொட்டகை குறுகல். ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வண்டிகள் நிற்க முடியும். வெள்ளைக் காருக்கு முன்னால் சர்வீஸுக்கு வந்த ஏழு கார்கள் சேறும் தூசியுமாக வழியை அடைத்து நின்றன. அவற்றின் சாவிக்கொத்து வாட்ச்மேன் சென்னகிருஷ்ணனின் இடுப்பில் ஆடிக்கொண்டிருந்தது.

சட்டையை மாட்டிக்கொண்டு யோசனையில் நின்றவனுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"சுடலைமுத்து! இப்பத்தான் வர்றியா கண்ணு?"

வண்டி கழுவிப் பாலிஷ் போடும் பிரிவின் சூப்பர்வைசர் தேவமணி மேடம். ஐம்பது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்தார். கரியப்பன் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். மேடமோ சட்டையைத்தான் பார்த்தார், முகத்தைக் கண்டுகொள்ளவே இல்லை.

"பஸ் லேட்டு மேடம்."

"சரி விடு. மாசச் சம்பளத்தை எடுத்துட்டு வண்டிக்கு இவ்ளோன்னு கூலி போட்டாலும் போட்டாங்க, இருந்த பசங்கல்லாம் போச்சம்பள்ளி கம்பெனிக்கு ஓடிட்டானுங்க. அங்க பஸ்ஸு, சோறு எல்லாம் குடுக்கறாங்களாம். மேல இருக்கறவங்க ஆளும் தர மாட்டாங்க, டார்கெட்டையும் குறைக்க மாட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள ஏழும் போகணும். இல்லாட்டி என் வேலை போயிரும். சுருக்கா ஆரம்பி. முடிய முடிய வாட்ச்மேன் வெளிய எடுத்துருவாரு."

ஏழும் முடிந்தால் வழி தானாகத் திறந்துவிடும்! கரியப்பன் பாய்ந்து போய்த் தண்ணீர்க் குழாயைத் திருகினான்.

முதல் வண்டியைக் கடனே என்று தேய்த்தான். இரண்டாவதில் கை பழகிவிட்டது. மூன்றாவதில் சீட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த மிட்டாயைச் சுரண்டிக்கொண்டே, பிள்ளைகளை இப்படியா வளர்ப்பார்கள் என்று முகம் தெரியாத ஓனரைத் திட்டித் தீர்த்தான். நான்காவது முடிந்தபோது மேடம் டீயும் போண்டாவும் கொண்டுவந்து வைத்தார். பானெட்டில் முகம் பார்த்து முடியை ஒதுக்கிக்கொண்டார்.

"உன் கை மாதிரி ஒரு கையை நான் பார்த்ததே இல்லை கண்ணு."

கரியப்பன் வெட்கப்பட்டுப் போனான். அவன் கையைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை அதுவரை யாரும் சொன்னதில்லை. ரேகை எடுத்த ஏட்டய்யாகூட "ஒழுங்கா வைடா" என்றுதான் சொல்லியிருக்கிறார்.

"துணிதான் சரியில்லை மேடம், கோடு விழுது. நாளைக்கு நல்லதா வாங்கி வைங்க" என்றான் மிடுக்காக. நாளைக்குத் தான் இங்கே இருக்கப்போவதில்லை என்பது பிறகுதான் உறைத்தது. என்னவோ போல இருந்தது.

ஏழாவது வண்டியை வாட்ச்மேன் முன்பக்கம் ஓட்டிப்போனபோது வெயில் இறங்கியிருந்தது. கரியப்பனுக்கு முதுகு விட்டுப் போயிருந்தது. போகட்டும், வழி திறந்துவிட்டது. ஓடிப்போய் வெள்ளைக் காரில் ஏறி சாவியைத் திருகினான்.

சத்தமே இல்லை. மறுபடி திருகினான். ஒரு விளக்குகூட எரியவில்லை.

"அதை விடு கண்ணு, பேட்டரி வீக்கா இருக்கும்" என்றபடி மேடம் வந்து ஜன்னலருகே நின்றார். கையில் சின்னதாக ஒரு கறுப்பு மெஷின். "ஏழு வண்டிக் கூலியை வாங்கிக்கோ. கட்டைவிரலை இதுல வை. இப்பல்லாம் ரேகை பதிஞ்சாத்தான் பணம். விரலை வச்சா ஆளோட ஜாதகமே வந்துருது."

கரியப்பனின் ஜாதகம் மூன்று போலீஸ் ஸ்டேஷன்களில் பத்திரமாக இருந்தது.

"கை கழுவிட்டு வந்துர்றேன் மேடம்" என்று இறங்கியவன் கேட்டைத் தாண்டியதும் எடுத்தான் ஓட்டம். முதுகில் ஷோரூம் பெயர் கொட்டை எழுத்தில் இருப்பது ஞாபகம் வர, சட்டையை உருவிக் கேட்டுக்குள்ளேயே வீசினான். சுவரை ஒட்டி நின்ற லாரியின் பின்னால் பதுங்கி மூச்சு வாங்கினான். காரும் போச்சு, கூலியும் போச்சு. ஆனாலும், பகல் முழுக்கத் தன்னைச் சுடலைமுத்து என்றே நம்பவைத்த சாமர்த்தியத்தை நினைத்தபோது கொஞ்சம் சிரிப்பும் வந்தது.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் மேடத்தின் குரல் கேட்டது.

"சென்னகிருஷ்ணண்ணா, போன வாரம் வந்த திருடன் நாலு வண்டியிலயே ஓடிட்டான், இவன் தங்கமான பையன், ஏழும் முடிச்சுக் குடுத்துட்டான், சட்டையைத் துவைச்சு அதே ஆணியில மாட்டிருங்க, நாளைக்கு எட்டு வண்டி இருக்குது."