ஏற்றத்தில் ஒரு மீசை

"நேத்தும் முந்திட்டான் அண்ணே! கையை வேற ஆட்டிக்கிட்டே போறான், என் மச்சான்!"

மரக்கடைக்காரர் தன் பழைய பிக்-அப் வண்டியின் பானெட்டில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். மெக்கானிக்கின் முகம் சுருங்கியது. ஒரே புகாரோடு இந்த வண்டி வருவது இது மூன்றாவது முறை.

"ஏர் ஃபில்டர் மாத்தினேன். இன்ஜெக்டரைக் கழட்டிச் சுத்தம் பண்ணினேன். புது பிளக் போட்டேன். நான் ஓட்டினா பறக்குதே தம்பி!"

"நான் ஓட்டினா படுத்துக்குதே! ஞாயித்துக்கிழமை மலை உச்சிக்குப் பந்தயம். தோத்தவன் மீசையை எடுக்கணும். இருபது வருஷமா வளர்த்த மீசை அண்ணே! பேசாம டர்போ மாட்டிடுங்க."

"பதினெட்டு வயசு வண்டிக்கு டர்போவா? இன்ஜின் உயிரை விட்டுடும். பதமாத்தான் பண்ணணும். புகைக்குழாயைக் கொஞ்சம் அகலமா மாத்தறேன். அதுக்கும் இழுக்கலைன்னா என் மீசையையும் சேர்த்து எடுத்துக்கோங்க!"

வீராப்பாகச் சொல்லிவிட்டாரே தவிர, கை தானாகத் தன் மீசையைத் தடவிப் பார்த்தது. அவர் மீசையும் லேசுப்பட்டதல்ல.

மாலைக்குள் குழாய் மாறியது. வழக்கம்போல, ஓட்டுநரின் காலடியில் கிடந்த விரிப்பைச் சுருட்டி எடுத்துவிட்டுப் பழைய செய்தித்தாளைப் போட்டார் மெக்கானிக். கிரீஸ் படிந்த செருப்போடு அடுத்தவர் விரிப்பை மிதிக்க மாட்டார். அந்த விஷயத்தில் ரொம்பக் கறார். பட்டறைக்குப் பின்னால் இருந்த ஏற்றத்தில் வண்டி சீறிக்கொண்டு ஏறியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மரக்கடைக்காரர் குழந்தைபோலக் கைதட்டினார்.

"உங்க காரையும் இப்படிப் பண்ணிக்கலாமே அண்ணே? ஊர்ந்துல்ல போகுது?"

"அதுக்கும் வயசாச்சு, எனக்கும் வயசாச்சு. அறுபதுக்கு மேல போறதில்லை, விடுங்க."

பட்டறைக்கு வந்து விரிப்பைப் பழையபடி போட்டுக் கொடுத்தார். இப்போது மரக்கடைக்காரர் ஓட்ட, மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்தார். அதே ஏற்றம். வண்டி முக்கியது, முனகியது. சைக்கிள்காரர் ஒருவர் மணியடித்துவிட்டு முந்திக்கொண்டு போனார்.

"நிறுத்துங்க!"

மெக்கானிக் குனிந்து பார்த்தார். ஆக்சிலரேட்டர் பாதியிலேயே விரிப்பில் முட்டி நின்றது. விரிப்பை அமுக்கிப் பார்த்தார். கனத்த துணி, ஆறு மடிப்பு. தையல் கண்ணுக்கே தெரியாத நேர்த்தி.

"இதை யார் தச்சது?"

"என் சம்சாரம்தான். வேகமா ஓட்டினா வயித்தைக் கலக்குதுன்னு தினமும் புலம்புவா. தையல் கிளாஸ்ல சேர்ந்தப்புறம்தான் வாயை மூடினா..." மரக்கடைக்காரர் சட்டென்று நிமிர்ந்தார். "அடிப்பாவி! என் தங்கச்சியும் அங்கதான் சேர்ந்தா. விரிப்பு தைக்கறதுக்கு முன்னாடியே நின்னுட்டா. அதான் அவ புருஷன் பறக்கறான்!"

மெக்கானிக்குக்குச் சிரித்து மாளவில்லை.

"பலே கிளாஸா இருக்கே! யாருய்யா அந்த டீச்சர்?"

"என்ன அண்ணே தெரியாத மாதிரி கேக்கறீங்க? உங்க வீட்டு மாடியிலதானே கிளாஸே நடக்குது! நம்ம அண்ணிதான் டீச்சர்!"

சிரிப்பு நின்றது. பட்டறைக்குத் திரும்பியதும் நேராகத் தன் காருக்குப் போய்க் குனிந்தார் மெக்கானிக். பிறந்தநாளுக்கு மனைவி ஆசையாகத் தைத்துப் போட்ட விரிப்பில் எட்டு மடிப்பு இருந்தது.