முனைவர் பாண்டிராஜ்

"டாக்டரு வந்துட்டாக! எந்திரிச்சு இடம் விடுங்கப்பா!" என்று டீக்கடை சந்தனம் கூவியபோது, தனக்குப் பின்னால் யாரோ டாக்டர் வருகிறார் போலும் என்று பாண்டிராஜ் திரும்பிப் பார்த்தார்.

யாரும் இல்லை. திருச்சுழி பஸ் நிறுத்தத்துக்கு மேலே, வேப்பமரத்தையே மறைத்துக்கொண்டு ஒரு பிளெக்ஸ் போர்டு நின்றது. அதில் பாண்டிராஜ், தலை நிறைய முடியோடு, பத்து வயது குறைந்துபோய்ச் சிரித்துக்கொண்டிருந்தார்.

'எங்கள் மண்ணின் முதல் முனைவர் பாண்டிராஜ் அவர்களுக்கு நெஞ்சார்ந்த வாழ்த்துகள்! இவண்: ஊர்ப் பொதுமக்கள்.'

அவர் பள்ளிக்கூட வாத்தியார் வேலையோடு ஆராய்ச்சியில் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறது. சீமைக்கருவேல் மரத்தை வெட்டி அடுக்கி, மண்ணால் மூடி எரித்துக் கரியாக்கும் கரிமூட்டக் குடும்பங்களைப் பற்றிய ஆய்வு. ஐந்து அத்தியாயங்களில் மூன்றைத்தான் எழுதியிருந்தார். நாலாவது அத்தியாயத்தின் முதல் வாக்கியத்தை மட்டும் இரண்டு வருடமாகத் திருத்திக்கொண்டிருந்தார். இன்னும் ஐந்து வாரத்தில் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவே ரத்து.

"இதை யாரு வச்சது?"

"ஊர்ப் பொதுமக்கள்னு போட்டிருக்குல்ல? அப்ப நாங்கதான்" என்றார் சந்தனம் பெருமையாக. "யாரு ஆர்டர் கொடுத்ததுன்னுதான் தெரியலை. அது கெடக்கு, டீயப் பிடிங்க."

பாண்டிராஜ் வீட்டுக்கு ஓடினார்.

"ராஜி, போர்டு வச்சது நீதானே?"

"நானா?" மனைவி ராஜேஸ்வரி முறைத்தாள். "படிப்ப முடிச்சதை எங்கிட்டயே சொல்லலைன்னு காலையில இருந்து கோவத்துல உக்காந்திருக்கேன்!"

"நான் இன்னும் முடிக்கவே இல்லைடி."

ராஜேஸ்வரி அவரையே பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். "ஐயோ, எங்க அம்மா மாலையோட பஸ் ஏறிட்டாகளே!"

பாண்டிராஜ் தன் நெறியாளர் பேராசிரியர் காசிராஜனுக்குப் போன் போட்டார்.

"சார், இங்க யாரோ தெரியாம..."

"கேள்விப்பட்டேன்யா!" மறுமுனை அதிர்ந்தது. "நான் கையெழுத்தே போடலை, அதுக்குள்ள முனைவரா? போர்டைக் கழட்டினா உன் ஊரு சிரிக்கும். கழட்டாட்டி என் காலேஜே சிரிக்கும். மரியாதையா உக்காந்து எழுது!"

எங்கே உட்காருவது? மாலையும் சால்வையுமாகக் கூட்டம் வந்தபடி இருந்தது. தலைமையாசிரியர் காலை வழிபாட்டில் அவரை மேடையேற்றிக் கைதட்ட வைத்தார். மூன்றாம் நாள் கரிமூட்டக்காரர்களே ஒரு சேவலோடு வந்துவிட்டார்கள்.

"எங்களப் பத்தித்தான் எழுதியிருக்கீகளாமே. வாசிங்க, கேப்போம்" என்றார் ஜக்கம்மாள். இருபது வருடமாகப் புகையில் நிற்கும் பெண்மணி.

வேறு வழியில்லாமல் மூன்றாம் அத்தியாயத்தை வாசித்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் ஜக்கம்மாள். "ஆனா, மூட்டம் நனைஞ்சுபோன மழைக்காலத்துல நாங்க என்ன பண்ணுனோம்னு ஒரு வரி இல்லையே?"

அப்புறம் ஆளுக்கு ஆள் பேச ஆரம்பித்தார்கள். பாண்டிராஜுக்கு எழுதி எழுதிக் கை வலித்தது. அவர்கள் கிளம்பிய மறு நிமிடம், அந்தப் பாழாய்ப்போன முதல் வாக்கியத்தை அடித்துவிட்டு, இரண்டாவது வாக்கியத்திலிருந்து நாலாவது அத்தியாயத்தை ஆரம்பித்தார்.

விரல்கள் நிற்கவே இல்லை. பள்ளி விட்டதும் எழுத்து, விடியும் முன் எழுத்து. ராஜேஸ்வரி வாசலில் நின்று, சால்வைகளை வாங்கிக்கொண்டு ஆட்களைத் திருப்பி அனுப்பினாள். இருபத்தொன்பதாம் நாள் ஐந்தாவது அத்தியாயத்துக்குக் கடைசிப் புள்ளி வைத்துவிட்டு, மனைவியைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். இடுப்பு பிடித்துக்கொண்டது. அதற்கும் இருவரும் சிரித்தார்கள்.

காசிராஜன் முழுதும் படித்தார். "பரவாயில்லை" என்று மட்டும் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்தில் ஒப்படைத்துவிட்டுத் திரும்பும் வழியில், பாண்டிராஜ் அருப்புக்கோட்டையில் இறங்கினார். போர்டின் மூலையில் அச்சகத்தின் பெயர் இருந்ததே! தன்னை இந்தப் பாடு படுத்திய புண்ணியவான் யாரென்று தெரிந்து ஒரு கும்பிடு போட வேண்டும்.

அவரைப் பார்த்ததும் அச்சகக்காரர் மாரிக்கண்ணன் எழுந்து நின்றார். "வாங்க சார்! முடிச்சுட்டீகளா?"

"நான் முடிக்காம இருந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மாரிக்கண்ணன் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் இயந்திரம் ஒரு புது போர்டைத் துப்பிக்கொண்டிருந்தது. 'பாளையம்பட்டியின் பெருமை முனைவர் சுகப்பிரியா!'

பாண்டிராஜுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுகப்பிரியாவும் காசிராஜனிடம்தான் ஆராய்ச்சி செய்கிறாள்.

"இந்தப் பொண்ணு இன்னும் ரெண்டாவது அத்தியாயத்தையே தாண்டலையேய்யா! யாரு அடிக்கச் சொன்னது?"

மாரிக்கண்ணன் குரலைத் தாழ்த்தினார்.

"சொல்லிராதீக சார். காசிராஜன் புரொபசருதான். அவுக ஸ்டூடண்டுக யாரு இழுத்தடிச்சாலும் நேரா இங்க வந்துருவாக. உங்களோடது ஏழாவது; இதுவரைக்கும் ஒரு போர்டுகூட வீணாப் போனதில்லை!"