உக்காந்துட்டு வந்தவருக்குப் பிரியாணி

சிவநேசன் வீட்டுச் சாப்பாட்டு அலமாரி, உழைத்தவர்களுக்கு மட்டும்தான் திறக்கும். மணிக்கட்டுப் பட்டையை அதன்முன் நீட்ட வேண்டும். அன்றைக்கு எரித்த கலோரி போதாவிட்டால், வெள்ளரிக்காய்த் தட்டை மட்டும் வெளியே தள்ளிவிட்டுக் கதவை இறுக்கிக்கொள்ளும்.

மட்டன் பிரியாணிக்கு எழுநூறு கலோரி. தினமும் ஜிம்முக்குப் போகும் சிவநேசன் ஒருநாளும் இருநூறைத் தாண்டியதில்லை. பதினேழு நாள் வெள்ளரிக்காயில் ஆளே பச்சை நிறமாகிக்கொண்டிருந்தான். மேடுபள்ளத் திடலில் பைக்கைத் தாவவிடும் மோட்டோகிராஸ் ஓட்டிவிட்டுச் சேறும் சகதியுமாக வரும் அவன் மனைவி ரத்தினாவுக்கோ, கதவு கும்பிடு போட்டுத் திறந்தது.

"ஓடுனது வண்டி. உக்காந்துட்டு வந்தவளுக்குப் பிரியாணியா?" என்று பொருமினான்.

"ஏனுங்க, ஜிம்முக் கண்ணாடியில மூஞ்சியப் பாத்தே இருநூறு எரிக்கறீங்களே, அது சாதனையில்லீங்களா?" என்றாள் ரத்தினா, எலும்பைக் கடித்தபடி.

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாள் அவள் வண்டியை எடுத்துக்கொண்டு சூலூர்த் திடலுக்குப் போனான். முதல் மேட்டில் அவன் விழுந்தான். இரண்டாவது மேட்டில் வண்டி அவன்மேல் விழுந்தது. நூறு கிலோ வண்டியை ஒரு மணி நேரத்தில் ஐம்பத்திரண்டு முறை தூக்கி நிறுத்தினான்.

வீடு திரும்பியதும் அலமாரி ஆவலாகத் திறந்தது. ஆயிரத்து நூறு கலோரி! ஆவி பறக்கும் பிரியாணி கண்முன்னே இருந்தது. எடுக்கத்தான் இரண்டு கையும் எழவில்லை. வாயைத் திறந்துகொண்டு ரத்தினாவைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"சும்மா உக்காந்துட்டு வந்தவருக்கு ஊட்டி வேற உடோணுமாக்கும்?" என்றபடி, பெரிய கவளமாக உருட்டித் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.