கூரைக்கோடு

பின்சீட்டுக்கு அடியில் பேட்டரி வருகிறது, சீட் உயரும், கூரையையும் இறக்கினால் உட்காருகிறவர் தலை இடிக்கும் என்று இன்ஜினியர் ஜெசிந்தா அன்றே சொன்னாள். ஹைபிரிட் காரின் கூரைக்கோட்டை வரைந்துகொண்டிருந்த வேதநாயகம் பென்சிலை நிறுத்தவில்லை. "பின்னாடி யாரும்மா உக்காரப் போறா?" என்றார். பார்த்தவர்கள் எல்லாம் அந்தக் கோட்டின் அழகில் சொக்கிப்போனார்கள். அதற்காகவே அவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. கூடவே அதே காரும், பின்கதவைத் திறந்துபிடிக்க ஒரு டிரைவரும்.

அன்றிலிருந்து மோவாய் நெஞ்சில் அழுந்த, குனிந்தபடியே போய்வந்தார். முன்சீட்டுக்கு மாறினால் தன் கோட்டைத் தானே தப்பென்று ஒப்புக்கொண்டதாகிவிடும். "இவ்வளவு பெரிய ஆளாகியும் தலைக்கனமே இல்ல பாரு" என்று ஆபீஸ் வாசலில் பேசிக்கொண்டார்கள்.

இன்று கார் கிளம்பும் நேரத்தில் ஜெசிந்தா ஓடிவந்து ஒரு வரைபடத்தைக் கண்ணாடியில் வைத்துப் பிடித்தாள். "அடுத்த மாடல்ல கூரையை இன்னும் இறக்கச் சொல்றாங்க சார். வேணாம்னு நீங்க தலையாட்டினா போதும், நிறுத்திடலாம்."

வேண்டாம் என்றுதான் சொன்னார். மோவாய் அழுந்தியிருந்ததால் குரல் அவர் மடியிலேயே விழுந்தது. தலையை இடவலமாக அசைக்கப் பார்த்தார். உச்சந்தலையைக் கூரை பிடித்துக்கொண்டது. முழு பலத்தோடு முயன்றபோது தலை இன்னும் கொஞ்சம் கீழே போனது, அவ்வளவுதான்.

ஜெசிந்தா வரைபடத்தைக் கண்ணாடியிலிருந்து எடுத்தாள்.

"சரி சார். நீங்களே சரின்னுட்டீங்க" என்று அதைச் சுருட்டினாள். கார் சத்தமே இல்லாமல் நகர்ந்தது.